பையில் கொடுத்த சேலை

சித்தியிடம் பேசிவிட வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது அப்பாவின் பிரஸ்ஸில், கட்டிங் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான். ஆவணி மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. கம்பி மத்தாப்புப் பெட்டிக்கான லேபிள் தாள்கள் கட்டுக் கட்டாக வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துவிட்டு, மறு கையிலிருந்த போனில் யார் யார் என்ன ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அதில் என் பையன் வந்தான்.

ஒரு மினி லாரியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். விழாமலிருக்க அவன் இடுப்பைப் பிடித்திருந்த யாரோ ஒருவருடைய கை மட்டும் தெரிந்தது. கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ‘வெடிபொருள்’ என்று பலகை. படத்துக்குக் கீழே ‘என் மருமகன்’ என்று சித்தி மகன் எழுதியிருந்தார்.

அன்று காலை நான் விருதுநகரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். சிவகாசிக்கு வந்து இரண்டு புரூஃப் பார்த்து முடிப்பதற்குள் அவன் சித்தியோடு சாத்தூர் போய், அங்கிருந்து பஸ் மாறி, வெம்பக்கோட்டையில் ஒரு பட்டாசு லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தின் இடைவெளி சரியில்லை, ‘வெ’யும் ‘டி’யும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் மனதில் ஓடியது.

குழந்தை பிறந்ததிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன். கை கால் எல்லாம் பழைய வேகத்திலேயே ஓடும். ஒரு நாளில் மூன்று லேபிள் டிசைன் முடிப்பேன், புது சாஃப்ட்வேர் வந்தால் அன்றே இறக்கிப் பார்ப்பேன். உள்ளே மட்டும் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கும். டாக்டரம்மா கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார். சரியாகாதவரை குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அம்மா கண்டுபிடித்த பதில்தான் சித்தி.

சித்தி அம்மாவுடைய சித்தப்பா மகள். வெம்பக்கோட்டைக்காரர். அவர் வீட்டுக்காரர் இறந்த பிறகு பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். மகன் அங்கேயே ஒரு கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறார். என் மாமியார் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியாது. வெளியாளை வைப்பதற்கு வீட்டு மனுஷி ஒருத்தி வீட்டோடு இருந்தால் நல்லது என்று அம்மா சொன்னார். மாதச் சம்பளமும் பேசினார். ஆனால் சம்பளம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ‘கைச்செலவுக்கு’ என்றார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன்.

வந்த அன்றே சித்தி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டினார். அடுத்து என்னைப் பார்த்தார். நான் தலை குளித்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியாது. “ஏத்தா, நீயும் வா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முக்காலியில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிவிட்டார். முதுகில் சீயக்காய் தேய்க்கும்போது ஊர்க் கதை ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அது என்ன கதை என்று நினைவில்லை. தண்ணீரின் சூடு மட்டும் நினைவிருக்கிறது. அப்படி ஒருத்தர் தண்ணீர் ஊற்றிவிட்ட பிறகு அவரிடம் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் சொல்லவில்லை. சித்தியின் நாத்தனார் வந்தார், நாத்தனார் மகள் வந்தாள், பருப்பு மண்டியிலிருந்து என் வீட்டுக்காரர் சாப்பிட வரும்போது ஹாலில் வெம்பக்கோட்டைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தி மகன் வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே “ஏலே மருமகனே” என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார். என்னை விட இரண்டு வயது மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரை மச்சான் என்பார். நான் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. சித்தியை வேலைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று நான் வாய் நிறையச் சித்தி, சித்தி என்று கூப்பிட்டதில், எனக்கு ஓர் அண்ணன் வந்துவிட்டார், என் பையனுக்குத் தாய்மாமன் வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்பது சும்மா வந்து போகிற உறவில்லை. முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் பிள்ளை உட்கார வேண்டியது அவர் மடியில்.

பிரஸ்ஸில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கட்டிங் போடுகிறவர் என் கையிலிருந்த தாளைக் காட்டிக் கேட்டார். “இதுல கட்டிங் மார்க்கே காணோமே பாப்பா, எங்கன வெட்ட?”

உண்மைதான். லேபிளின் நான்கு மூலையிலும் மெல்லிசாகக் கோடு போட வேண்டும், எங்கே வெட்டுவது என்று தெரிவதற்கு. அவசரத்தில் விட்டிருந்தேன். கோடு இல்லாத தாளை அவர் வெட்ட மாட்டார். வெட்டி ஏதாவது ஆனால் பழி அவர் தலையில் விழும். வீட்டிலும் நான் கோடே போடவில்லை, சித்தி எங்கே நிறுத்துவார் என்று அப்போது நினைத்தேன்.

யோசனை வந்துவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. திரும்பி வருகிற பஸ்ஸில் போனில் தேடித் தேடிப் படித்தேன். வீட்டோடு தங்கிக் குழந்தை பார்ப்பவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள், விருந்தாளிகளுக்கு நேரம் வையுங்கள், அன்பாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். எல்லாம் நல்ல யோசனைதான். அவர் உங்கள் அம்மாவுடைய சித்தப்பா மகளாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சித்தியும் பையனும் ஊரிலிருந்து திரும்பியிருந்தார்கள். அவன் வாயோரம் சீனி மிட்டாய் ஒட்டியிருந்தது. நான் பஸ்ஸில் பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். என்னைக் கேட்காமல் குழந்தையை வெளியூர் கொண்டு போக வேண்டாம். லோடு வண்டியில் ஏற்றவே வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரட்டும். என் குரல் பேங்க்கில் கவுண்டருக்குள்ளிருந்து பேசுகிற குரல் மாதிரி இருந்தது.

சித்தி முதலில் சிரித்தார். வண்டி காலி வண்டி என்றார், ஒரு சரம் கூட உள்ளே கிடையாது என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

“சரி தாயி. ஞாயித்துக்கெழமை நாங்க சொந்தக்காரங்க. மத்த நாளு யாரு?”

பையன் வாயைத் துடைத்துவிட்டேன்.

ஆனால் சித்தி நான் சொன்னபடி நடந்தார். நடந்துகொண்டே குத்திக் காட்டினார். பக்கத்துத் தெருக் கடைக்குப் போவதற்குக்கூட வாசலில் நின்று, “ஏத்தா, ஒம்மவனக் கூட்டிட்டு முக்குக் கடை வரைக்கும் போறேன். சர்க்கார் உத்தரவு உண்டா?” என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்கள் வந்தால், “சீக்கிரம் கொஞ்சிட்டுக் கெளம்புங்கடி, கோர்ட்டு மூடப் போகுது” என்பார். என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராவிட்டாலும், அது பரவாயில்லை என்று தெரிந்தது. சித்தி திட்டிக்கொண்டே ஒத்துக்கொண்டார். வேலை நடந்தது. கோடு போட்டாயிற்று என்று நினைத்து நான் அடுத்த வேலைக்குத் தாவிவிட்டேன்.

அடுத்த வேலை தீபாவளி. பிரஸ்ஸில் கடைசி நேர ஆர்டர்கள், விருதுநகரில் வீட்டுக்காரருடைய பருப்பு மண்டியில் ஆட்களுக்குப் போனஸ், துணி. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேட்டி சட்டை, பருப்புப் புடைக்கிற பெண்களுக்குச் சேலை, எல்லோருக்கும் ஒரு டப்பா இனிப்பு, ஒரு கிஃப்ட் பாக்ஸ் பட்டாசு. எல்லாவற்றையும் மண்டியின் பெயர் போட்ட துணிப்பையில் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வருடம் அந்தப் பையை டிசைன் செய்தது நான். மஞ்சள் பையில் கரும்பச்சை எழுத்து. நன்றாக வந்திருந்தது. மண்டியில் கொடுத்தது போக மீதிப் பைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், பால்காரர், வாட்ச்மேன், துணி தேய்க்கிறவர் என்று கொடுப்பதற்கு. நான் போனில் ஒரு லேபிள் ஆர்டர் பேசிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். பேசிக்கொண்டே ஒரு பையைச் சித்தி கையிலும் கொடுத்தேன்.

சித்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே பார்க்கவில்லை. “நல்லாருக்கும்மா” என்றார்.

‘ஏத்தா’வுக்குப் பதிலாக வந்த அந்த ‘ம்மா’ என் காதில் விழுந்தது. ஆனால் அப்போது ஆர்டர் பேசிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கம் முழுவதும் அடங்கிவிடும். கம்பெனிகள் அடைத்துவிடுவார்கள். கொஞ்ச நாளைக்கு யாருக்கும் வேலை இருக்காது. அப்போதுதான் கல்யாணம், காதுகுத்து, வீடு வெள்ளையடிப்பு எல்லாம் நடக்கும். எங்கள் வீடும் அடங்கியது. ஒரு வாரம் கழித்துத்தான் அது அடங்கியிருப்பதே எனக்குத் தெரிந்தது.

காலையில் நான் எழுந்து வந்தால் காபி மேஜையில் மூடி வைத்திருக்கும். என் அறைக்கதவைச் சித்தி தட்டிவிட்டு, நான் சொன்ன பிறகு உள்ளே வந்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். தனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் எடுத்துத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். சாப்பிட்டீகளா சித்தி என்றால், “ஆச்சும்மா, நீங்க சாப்பிடுங்க” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் யாரும் வரவில்லை. பையன் நேரத்துக்குச் சாப்பிட்டான், நேரத்துக்குத் தூங்கினான், சீனி மிட்டாய் எங்கும் கிடையாது.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு சிநேகிதியிடம் போனில் சொல்லக்கூடச் செய்தேன், சொல்லிப் பழக்கினால் நடக்கும், நமக்குத்தான் தைரியம் வேண்டும் என்று. சொல்லும்போதே சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தார். என் துணியைத் தனியாக, குழந்தை துணியைத் தனியாக, ஓரங்கள் சரியாக.

ஒரு நாள் அண்ணன் வந்தார். கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சித்திக்கு மாத்திரை கொண்டு வந்திருந்தார். உள்ளே வாங்க அண்ணே என்றேன்.

“இல்லைங்க, இருக்கட்டும்” என்றார். “சார் நல்லாருக்காகளா? தம்பி நல்லாருக்காரா?”

முதலில் யாரைக் கேட்கிறார் என்று புரியவில்லை. மச்சானைத்தான் சார் என்கிறார். தம்பி என்பது மருமகன். பையன் உள்ளே இருந்து அவர் குரலைக் கேட்டுத் தவழ்ந்து வாசல் வரை வந்து கையை நீட்டினான். அண்ணன் சிரித்தார், தூக்கவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பையனைத் தூக்கிக்கொண்டேன். அவன் என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே காதுகுத்துக்கு நாள் பார்த்தார்கள். கார்த்திகையில், சாத்தூர் பக்கம் இருக்கிற குலதெய்வம் கோயிலில். யார் மடியில் என்று வீட்டுக்காரர் கேட்டார். அப்பாவிடம் கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை. பெரியப்பா மகன் இருக்கிறான், சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறான், சீர் செய்கிற அளவுக்கு வசதி இருக்கிறது, அவன் உட்காரட்டும் என்றார். அந்தப் பெரியப்பா மகனை நான் வருடத்துக்கு ஒரு தடவை கல்யாண வீட்டில் பார்ப்பேன். முறை சரிதான். சரி அப்பா என்றேன்.

ஸ்பீக்கரில்தான் பேசினேன். சித்தி பையனுக்கு இட்லி பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், பெரிய இடத்துப் பிள்ளை, நல்லது என்றார். இன்னொரு வாய் ஊட்டினார். அதன் பிறகு கேட்டார்.

“அன்னைக்கு எனக்கு ஒரு நாள் லீவு வேணும்மா.”

“காதுகுத்து அன்னைக்கா?”

“ஆமாம்மா. நீங்க எல்லாரும் கோயிலுக்குப் போயிருவீக. பிள்ளையும் உங்ககிட்ட இருக்கும். எனக்கு இங்க வேலை கெடையாதுல்ல?”

நியாயமான கேள்விதான். வேலைக்கு இருப்பவர் விடுமுறை கேட்கிறார். நான் பஸ்ஸில் படித்ததிலெல்லாம், முன்கூட்டியே கேட்டால் கொடுக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. எடுத்துக்கங்க சித்தி என்றேன்.

சித்தி பையன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

“இனிமே சித்தின்னு வேண்டாம்மா. நாலு பேருக்கு முன்னாடி சித்தின்னு கூப்பிட்டுட்டு, பையில போட்டுச் சேலை குடுத்தா, பாக்குறவுகளுக்குக் கொழப்பம்.”

அதில் கோபம் இல்லை. பாலைச் சுட வைக்கட்டுமா என்று கேட்கிற அதே குரல்.

அப்போதுதான் மண்டியில் பார்த்ததும் இந்தப் பையும் எனக்குச் சேர்ந்து புரிந்தன. இரண்டு நாளுக்கு முன் மண்டிக்குப் போயிருந்தேன். முற்றத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்த பெண்களில் மூன்று பேர் ஒரே மாதிரிச் சேலை கட்டியிருந்தார்கள். ஊதாவில் சிவப்புக் கரை. மொத்தமாக எடுத்தது, அப்படித்தான் இருக்கும் என்று தாண்டிப் போனேன். அதே சேலைதான் சித்திக்கும். சொந்தக்காரருக்குச் சேலை கொடுப்பதென்றால் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு, நின்று கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. அம்மா கொடுத்துச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்று என் ஒரு காதில் போன் இருந்தது, கையில் பை இருந்தது.

கேட்காமல் வெளியூர் போகக் கூடாது என்றதைச் சித்தி ஏற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையை ஏற்றுக்கொண்டார். அதெல்லாம் ஒரு மகள் சொல்கிற கிறுக்குத்தனம், திட்டலாம், கேலி செய்யலாம், அனுசரிக்கலாம். பை அப்படி இல்லை. அதைக் கொடுத்த அன்றே நீ இன்னார் என்று சொல்லிவிட்டேன். சித்தி அப்படியே ஆகிவிட்டார், கொஞ்சம்கூடக் குறை வைக்காமல்.

சாயந்திரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் போன மாதமே சாத்தூரில் பையனுக்குத் தோடு எடுத்துவிட்டதாக அம்மா சொன்னார். கம்மல் சின்னதுதான், இருந்தாலும் போனஸ் வந்த கையோடு முதல் வேலையாக அதைச் செய்தானாம். சித்திதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், நான் பை கொடுத்ததற்கு முந்தின நாள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம்.

“அவ எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. என்னத்தடி செஞ்சு வச்ச?” என்று கேட்டார்.

சொன்னேனே அம்மா, பை என்றேன்.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் நேராக அடுப்படிக்குப் போய்ச் சித்தி மடியில் தலையை வைத்திருப்பேன். அவரும் தலையைத் தடவி, போடி கிறுக்கி என்றிருப்பார். அப்படி ஒன்று நடக்காதபோது வேறு என்ன செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் என் காலைப் பிடித்து எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னான். ‘மா’ என்று ஆரம்பித்தது. அம்மாவா மாமாவா தெரியாது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். பெரியப்பா மகனிடம் இன்னும் முறைப்படி சொல்லவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றார். அப்போ சொல்ல வேண்டாம் என்றேன். சித்தி மகன் உட்காரட்டும் என்று சொன்னதும், அவனால் என்ன சீர் செய்ய முடியும் என்றார். முடிந்ததைச் செய்யட்டும் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றார். பிள்ளை அவர் குரலுக்குத் தவழ்ந்து போகிறான் அப்பா என்று மட்டும் சொன்னேன். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிரஸ் கணக்கைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தாய்மாமனை நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். போன் பேசக் கூடாது. நாளை ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவரும் வருகிறார். சித்திக்குச் சேலை ஒன்று எடுத்திருக்கிறேன், பஜாரில், நானே நின்று எடுத்தது. ஊதா நிறத்தில் எதையும் எடுத்துப் போட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அதை முதலில் இங்கே வீட்டில் சித்திக்குக் கொடுக்க வேண்டும், பிறகு மூன்று பேரும் பிள்ளையோடு வெம்பக்கோட்டைக்குப் போக வேண்டும்.

அண்ணனிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. பிள்ளையை லோடு வண்டியில் ஏற்றக் கூடாது, காலி வண்டியாக இருந்தாலும் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் விடப் போவதில்லை. கேட்காமல் கொண்டு போகக் கூடாது என்பதையும் விடப் போவதில்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரே வாயால் சொல்ல முடியுமா என்றுதான் தெரியவில்லை. தாம்பூலத்தைக் கொடுத்த பிறகு சொன்னால் தங்கச்சி சொல்வதாக எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். சார் என்றும் தம்பி என்றும் சொல்வதை அவர் நிறுத்துகிறாரா என்று பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம் எல்லாம் வாங்கியாயிற்று. மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். வைத்துக் கொடுக்கத் தாம்பாளம்தான் வேண்டும். கல்யாணத்துக்கு வந்தது ஒன்று வீட்டில் எங்கோ இருக்கிறது. அலமாரி எல்லாம் தேடிவிட்டேன். எது எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் சித்திக்குத்தான் தெரியும். கேட்டால் எதற்கென்று புரிந்துவிடும். அடுப்படியில் அவர் டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்கிறது. போய்க் கேட்கப் போகிறேன், சித்தி என்று கூப்பிட்டே.